எல்லா வாளிகளும் கொக்கியில்

ஆற்றை ஒட்டி வீடு வாங்குகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் வேண்டும் என்று வருவார்கள். ஒரு வருஷம் போனால் அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார்கள். கிடங்குச் சுவரில் ஈரம் ஏறுகிறது, படகுத்துறைப் பலகை அடித்துக்கொண்டு போய்விட்டது, கோடையில் கல்லெல்லாம் வெளியே தெரிந்து அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குப் போன் செய்வார்கள். ஆறு அவர்களுக்கு ஜன்னலில் மாட்டிய ஒரு படம். படம் கோணலாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டு நிமிர்த்தச் சொல்ல வேண்டும். அந்த யாரோ நான்தான். ஸ்குர்வா ஆற்றின் அணையில் ஷட்டர்களைத் திறப்பதும் மூடுவதும், ஆற்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பதும் பாதி வாழ்க்கையாக என் வேலை.

ஹால்டோரும் அப்படி வீடு வாங்கியவன்தான். பெர்கன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவன்.

நீங்கள் அவனைப் பற்றிக் கேட்கத்தான் மலைப்பாதையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சரியாகச் சொன்னால் எங்கள் ஊர் தோர்டிஸைப் பற்றி. போன மார்ச்சில், வடிந்த ஆற்றுப் படுகையில் நின்றுகொண்டிருந்த ஹால்டோரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதற்குத் தான்தான் காரணம் என்று தோர்டிஸ் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்து சொல்லியிருக்கிறாள். கவனக்குறைவால் மரணம் என்று அவள்மேல் வழக்குப் போடலாமா என்று முடிவெடுக்கும் முன், ஷட்டரைத் திறந்தவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். தோர்டிஸ் அதைச் செய்யவில்லை. அப்படி ஒன்றைச் செய்ய ஓர் எண்ணத்தைக் கடைசிவரை கலையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவளால் ஒரு வாக்கியத்தையே அப்படிப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காலணியைப் பார்த்தால் ஆற்றுக்குள் இறங்கிப் பழக்கமில்லை என்று தெரிகிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

சால்மன் மீன் கடலிலிருந்து வந்து சரளைக்கல்லுக்குள் முட்டையிடும். டிரவுட்டும் அப்படித்தான், அது கடல்வரை போகாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். குஞ்சுகள் வருஷக்கணக்கில் இந்தக் கல்லிடுக்குகளிலேயே கிடக்கும். விரல்நீளம்கூட இருக்காது. தண்ணீர் திடீரென்று இறங்கினால் கல்லுக்கிடையில் சிக்கிக் காய்ந்துபோகும். நான் வேலைக்கு வந்தபோது இங்கிருந்த ஆண்கள் ஷட்டரைச் சமையலறைக் குழாய் மாதிரி மூடுவார்கள். மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அடுத்த நாள் படுகை முழுக்கக் காகம் இறங்கியிருக்கும். அதை நிறுத்தியவள் நான். தண்ணீரை ஏற்றும்போது மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை, இறக்கும்போதுதான் கைப்பக்குவம் வேண்டும் என்று மின்நிலையத்தாருக்குப் புரியவைக்கப் பல வருஷம் ஆனது. கூட்டத்துக்குக் கூட்டம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்ததா என்று பின்னால் யோசித்திருக்கிறேன். வலிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நம்மைவிடக் குறைந்தவர்கள் சிரித்தால் அது வானிலை மாதிரி, கோட்டை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்குச் சால்மன்மேல் பிரியம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பிரியமெல்லாம் இல்லை. அது மோப்பம் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் ஒரு மீன், அவ்வளவுதான். பிறந்த இடத்தின் மேல் பாசம் என்று கோடையில் வரும் தூண்டில்காரர்கள் கண்கலங்குவார்கள், பிறகு அதன் தலையில் தடியால் அடிப்பார்கள். எனக்கு வேண்டியது ஆறு ஒழுங்காக இருப்பது. குழந்தைகளே பிடிக்காத ஒருத்தி நல்ல பள்ளிக்கூடம் நடத்த முடியும்.

குளிர்காலத்தில் மின்நிலையத்துச் சுரங்கத்தைச் சோதிப்பதற்காக ஆற்று நீரைக் குறைத்தாக வேண்டும். அப்போது அணைக்கும் பாலத்துக்கும் நடுவிலுள்ள படுகை கிட்டத்தட்ட வடிந்துவிடும். அங்கே ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது. நான் என்னதான் மெதுவாக இறக்கினாலும் குட்டைகளில் குஞ்சுகள் கொஞ்சம் தங்கிவிடும். அவற்றை வாளியில் அள்ளிப் பாலத்துக்குக் கீழே எப்போதும் வற்றாத மடுவில் விடுவதற்கு ஊர்க்காரர்கள் திரண்டு வருவார்கள். இந்த நாட்டில் நாலு பேர் கூலி வாங்காமல் சேர்ந்து வேலை செய்தால் அதில் பாதி நேரம் வாஃபிள் தின்பதில்தான் போகும். பாலத்தருகே ஊர்மன்றத்தில் அந்த அச்சு அப்பத்துக்கு மாவு கரைத்து வைத்திருப்பார்கள். குனிந்து நிமிர்ந்து பத்துக் குஞ்சைக் காப்பாற்றிவிட்டு, போய்ப் பழுப்புப் பாலாடைக்கட்டியை வாஃபிளில் வைத்துத் தின்றுகொண்டே உலகத்தையே காப்பாற்றிய மாதிரிப் பேசுவார்கள்.

ஹால்டோர் வந்த பிறகு அவன்தான் இதற்குத் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தமாகப் பேசுகிறவன், சிரிக்கவைக்கிறவன், அதனால் தலைவன். குஞ்சுகளோடு பேசுவான். "வாடா கண்ணு, பயப்படாதே, மாமா இருக்கேன்" என்பான். அவன் இரண்டு கையிலும் குஞ்சு ஏந்தி நிற்கும் படம் வட்டாரப் பத்திரிகையில் வந்தது. ஆற்றின் காவலர் என்று கீழே போட்டிருந்தார்கள். என் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வாளி முறையும் அவன் கொண்டுவந்ததுதான். அதற்கு முன் தண்ணீரை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் அணையில் சங்கு ஊதுவோம். எல்லோரும் கரையேறுவார்கள். விடுமுறைக்கு வந்து தங்கும் மலைவீட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் புகார் சொல்லி, ஊர்மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் இது தொடங்கியது.

"அந்தச் சங்கு ஊதினா எங்க நாய் கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குது. ரெண்டு நாளைக்கு வெளிய வர்றதே இல்ல" என்றாள் ஒருத்தி.

"கட்டிலுக்கு மேல படுக்க வச்சுக்கிட்டா ஏன் ஒளியப்போகுது?" என்றான் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஓலாவ்.

"உன் ஆட்டையெல்லாம் நீ அப்படித்தான் படுக்க வச்சிருக்கியா?"

மன்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஹால்டோர் எழுந்தான். சிரிப்பு அடங்குவதற்குள் எழுவது அவன் பழக்கம்.

"சங்கு எதுக்குங்க? வாளி போதும். பாலத்துக் கம்பியில ஆளுக்கு ஒரு கொக்கி அடிச்சிடுவோம். ஆத்துல இறங்கறப்ப வாளிய எடுத்துக்கிட்டு இறங்கணும். கரையேறினதும் மாட்டிடணும். வாளி எல்லாம் கொக்கியில இருந்தா ஆளு எல்லாம் கரையில இருக்காங்கன்னு அர்த்தம். குன்வோர் மேலருந்து ஒரு பார்வை பார்த்தா போதும். பள்ளிக்கூடத்துல பசங்க தொப்பி மாட்டற மாதிரிதான். தொப்பி இருந்தா பையன் உள்ள இருக்கான்."

"தொப்பிய மாட்டிட்டு ஓடிப்போற பையன் இருந்தா?" என்றான் ஓலாவ்.

"என் வகுப்புல ஒருத்தன் இருந்தான். அப்புறம் அமைச்சராயிட்டான்."

கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். தோர்டிஸ் இரண்டு கையையும் தூக்கினாள். என்னைப் பார்த்து, "உனக்குச் சரிதானே குன்வோர்?" என்றான் ஹால்டோர். சரி என்றேன். ஆட்களை வாளியாக எண்ணுகிற ஊரிடம் வேறென்ன சொல்வது? அன்றைக்கு நான் எதிர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கிறவர்களுக்குத்தான் எதையும் எடுத்துச் சொல்ல முடியும். அவர்கள் கேட்கிறவர்களாக இல்லை, மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

அந்த முறை ஒழுங்காகத்தான் நடந்தது. என் அறை அணைச் சுவரின் மேல் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் படுகை முழுவதும் தெரியும், அதற்கப்பால் பாலத்துக் கம்பியில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தெரியும். கடைசிக் கொக்கி நிறைந்ததும் நான் தண்ணீரை ஏற்றுவேன். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இனி அவன் என் அறைக்கு வந்த நாளைச் சொல்கிறேன். பிப்ரவரி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் வாஃபிளை மூடி எடுத்துக்கொண்டு, தொப்பியிலிருந்து பனியை என் தரையில் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"சொல்."

"முதல்ல சாப்பிடு. பசியில இருக்கறவங்ககிட்ட நான் எதையும் சொல்றதில்ல. இது முப்பது வருஷ அனுபவம்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ தண்ணிய மெதுவா இறக்கறே. நல்லா இறக்கறே. உன்னை மாதிரி ஒருத்தரும் இறக்க முடியாது. ஆனா பகல்ல இறக்கறியே குன்வோர். குளிர்காலத்துல குஞ்சுங்க பகல்ல கல்லுக்கடியில போய்ப் பதுங்கிக்குமாம். தண்ணி எவ்வளவு மெதுவா இறங்கினாலும் அதுங்களுக்குத் தெரியவே தெரியாதாம். இருட்டினப்புறம்தான் வெளிய வந்து நீந்துமாம். அப்ப இறக்கினா தண்ணியோட சேர்ந்து அதுங்களும் போயிடும். என் பொண்ணு மீன் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கா இல்ல, அவதான் சொன்னா. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாம்."

"எனக்கும் தெரியும்" என்றேன்.

அது உண்மை. அவன் பெர்கனில் பிள்ளைகளுக்குத் தொப்பி எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே நான் அதைப் படித்துவிட்டேன். ஏதோ ஒரு தொட்டியில், ஏதோ ஒரு செயற்கை வாய்க்காலில் நாலு மாணவர்கள் உட்கார்ந்து பார்த்துச் சொன்னது. என் ஆறு தொட்டி இல்லை. நான் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தண்ணீரை இறக்குகிறவள். ஒவ்வொரு கல்லும் வெளியே வருவதைப் பார்ப்பேன். பார்க்காமல் இருட்டில் இறக்குவது அந்தக் காலத்து ஆண்கள் குழாயை மூடிவிட்டுப் போன மாதிரிதான்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை வருஷம்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். சண்டையில் நான்தான் ஜெயித்திருப்பேன். அவன் இன்றைக்கும் வாஃபிள் தின்றுகொண்டிருப்பான். ஆனால் கோபம் வரவில்லை. முகம் இளகியது. பாடம் படிக்காமல் வந்த பையனைப் பார்க்கிற இளக்கம்.

"சரி விடு. போனது போகட்டும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. பொண்ணுகிட்டயும் ஒண்ணும் சொல்லிக்க வேணாம்னுட்டேன். அடுத்த தடவையிலருந்து இருட்டினப்புறம் இறக்கு, அவ்வளவுதான். உன்னை யாரும் ஒரு வார்த்தை பேச விடமாட்டேன். நீ இந்த ஆத்துக்குப் பண்ணதுல இது ஒரு தூசி."

என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். போய்விட்டான்.

அவன் சொல்ல மாட்டான் என்பதை நான் முழுமையாக நம்பினேன். உங்களுக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். அவன் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று பயந்து நான் எதையும் செய்யவில்லை. அவன் வாக்குக் காப்பாற்றுகிறவன். ஊரில் எந்தக் கூட்டத்திலும் என் பெயர் வந்தால் அவன் எழுந்து என்னைப் புகழ்வான். நான் ஜன்னலில் நிற்கும்போதெல்லாம் கீழிருந்து கையாட்டுவான். அந்தக் கையாட்டலுக்குள் அவன் தட்டிய இரண்டு தட்டும் இருக்கும். அவன் உயிரோடு இருக்கும்வரை நான் மன்னிக்கப்பட்டவளாகவே இருப்பேன். நாள்தோறும், விலையில்லாமல். யாராவது உங்களை அப்படி மன்னித்திருக்கிறார்களா? செய்யாத குற்றத்துக்கு? மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கடியில் நமக்கு மூச்சு முட்டுவது அவர்களுக்குத் தெரியாது.

வாஃபிளை நான் சாப்பிட்டேன். உணவை வீணாக்குவது என் வழக்கமில்லை.

மார்ச்சில் மறுபடி சுரங்கச் சோதனை வந்தது. நான் தண்ணீரைப் பகலிலேயே இறக்கினேன். வழக்கத்தைவிட மெதுவாக, மிக அழகாக. மாற்ற வேண்டிய காரணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. நல்ல வெயில், கடும் குளிர். குட்டைகளின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி பனித்தகடு கட்டத் தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் வாளிகளோடு இறங்கினார்கள்.

அந்த முறை குஞ்சுகள் அதிகம் கிடந்தன. ஏன் என்று தெரியவில்லை. ஒரு வருஷம் அதிகம், ஒரு வருஷம் குறைவு, ஆற்றில் அப்படித்தான். கீழே அவர்கள் வழக்கம்போலச் சத்தம் போடவில்லை. கல்லைப் புரட்டுவதும் குனிவதுமாக இருந்தார்கள். ஹால்டோர் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அதில் குற்றச்சாட்டு இல்லை. எனக்காக வருத்தப்பட்டான். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

தண்ணீர் இல்லாத ஆற்றில் பேச்சு நன்றாகக் கேட்கும். இரைச்சல் நின்றுபோனால் பாறைச் சுவர் ஒவ்வொரு சொல்லையும் மேலே அனுப்பிவிடும். அது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களில் யாரும் மேலே நின்றதில்லை. அதனால் கடைசியில் தோர்டிஸும் அவனும் பேசியதை நான் முழுக்கக் கேட்டேன். மற்றவர்கள் எல்லாம் கரையேறி மன்றத்துக்குப் போய்விட்டார்கள். கம்பியில் இரண்டு கொக்கிகள்தான் காலி.

"குடு அந்த வாளிய. உன் முதுகு ஏற்கெனவே கேள்விக்குறி மாதிரி இருக்கு" என்றாள் தோர்டிஸ்.

"வளைஞ்ச முதுகுதான் இந்த வேலைக்கு வசதி."

"ஆமாமா. நாளைக்குப் படுக்கையில கிடந்துக்கிட்டு எனக்குத்தானே போன் பண்ணுவே. தோர்டிஸ், சூப் கொண்டா. தோர்டிஸ், பத்திரிகை கொண்டா."

"போன தடவை சூப்புல உப்பே இல்ல."

"திமிரப் பாரு. கொட்டியிருக்கணும் உன் தலையில. குடுன்னா குடு."

"சரி, எடுத்துட்டுப் போ. அந்தப் பாறைக்குப் பின்னால ஒரு குட்டை பாக்கி இருக்கு. எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். எனக்கு வாஃபிள் ரெண்டு எடுத்து வையி. ஓலாவ் பக்கத்துல வைக்காதே."

"சீக்கிரம் வா."

தோர்டிஸ் இரண்டு வாளிகளையும் சுமந்துகொண்டு போனாள். இரண்டையும் மடுவில் கவிழ்த்தாள். குஞ்சுகள் போவதைக் குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு வாளிகளையும் பாலத்துக்குக் கொண்டுபோய்த் தன்னுடையதைத் தன் கொக்கியிலும் அவனுடையதை அவன் கொக்கியிலும் மாட்டினாள். யோசிக்காமல் மாட்டினாள். காலியான வாளியைக் கண்டால் கை தானாகக் கொக்கியைத் தேடும் அளவுக்கு அவர்களைப் பழக்கியிருந்தான் ஹால்டோர். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு மன்றத்துக்குள் போய்விட்டாள். இதுதான் அவள் செய்தது. ஒருவனுடைய முதுகுக்காக ஒரு வாளியைச் சுமந்தாள். இதற்குத்தான் உங்களிடம் வந்து, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அழுதிருக்கிறாள்.

கம்பியில் எல்லாக் கொக்கிகளும் நிறைந்திருந்தன. ஊர் கூடிக் கை தூக்கி வைத்த விதி நிறைவேறிவிட்டது. நான் திறந்தேன்.

போன வருஷம் உங்கள் சக அதிகாரியிடம், அவன் பாறைக்குப் பின்னால் இருந்தான், தெரியவில்லை என்று சொன்னேன். அவர் ஜன்னலில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஆமாம், அந்தப் பாறை மறைக்கத்தான் செய்கிறது என்றார். மறைக்கும். குனிந்திருந்தால் ஓர் ஆளை முழுதாக மறைக்கும்.

அவன் குனிந்திருக்கவில்லை. நான் ஷட்டர் விசைப் பலகையில் கை வைத்தபோது அவன் பாறையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வாளி இல்லாததால் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீரோடு குஞ்சுகளை ஏந்தியிருந்தான். என் ஜன்னலைப் பார்த்து உயர்த்திக் காட்டினான்.

"குன்வோர்! டிரவுட்! உயிரோட இருக்கு!"

அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்காக. இதோ பார், எல்லாம் செத்துவிடவில்லை, உன் பாரம் கொஞ்சம் குறைந்தது என்று எனக்கு நல்ல செய்தி சொன்னான். எனக்கு அது அப்போதே புரிந்தது.

சிறிய ஷட்டரை முதலில் திறந்து, படுகை நனைந்த பிறகு பெரியதைத் திறப்பது வழக்கம். நான் பெரியதைத் திறந்தேன். குட்டைகளில் பனி கட்டிக்கொண்டிருந்தது என்று சொன்னேனே. உள்ளே இன்னும் குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் உடனே தேவைப்பட்டது. ஆற்றைப் பார்த்துக்கொள்கிறவள் ஓர் ஆளுக்காக ஓர் ஆற்றைக் காக்கவைக்க முடியாது.

சத்தம் கேட்டதும் அவன் திரும்பிப் பார்த்தான். கரை பக்கத்தில்தான் இருந்தது. கையை உதறிவிட்டு ஓடியிருந்தால் ஏறியிருப்பான். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். அவன் குனிந்து, குவித்த கையைக் குட்டைக்குள் மெதுவாக இறக்கி, விரல்களைப் பிரித்துக் குஞ்சுகளை விட்டான். அதன் பிறகுதான் நிமிர்ந்தான். கரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். நான் கவனிக்காமல் திறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பதறாதே என்பது மாதிரி எனக்குக் கையைக் காட்டினான். கடைசிவரை என்னைப் பற்றி நல்லதாகவே ஒன்றை நினைத்துக்கொண்டு போனான். அவ்வளவு மந்தமானவன்.

அவனைப் பாலத்துக்குக் கீழே மடுவிலிருந்து எடுத்தார்கள். மன்றத்தில் அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த வாஃபிளை ஓலாவ் தெரியாமல் தின்றுவிட்டு, பிறகு தெரிந்து, வாசலில் போய் வாந்தியெடுத்தான்.

அடக்கத்துக்கு மறுநாள் தோர்டிஸ் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான்தான் குன்வோர். நான்தான் அவனைக் கொன்னுட்டேன். இல்லைன்னு சொல்லேன். நீ மேல இருந்தே, நீ பார்த்தே. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"வாளியை மாட்டினது நீதானே" என்றேன்.

அது பொய் இல்லை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இந்த ஊர்க்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்வார்கள்.

அப்படியே இருந்திருக்கலாம். அவள் பகலில் திரையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள், கடைக்குப் போவதை நிறுத்தினாள், மெலிந்தாள். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை. ஆனால் போன வாரம் ஊர்மன்ற ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஹால்டோரின் மகளும் கட்டிக்கொண்டாள். ஓலாவ் விசும்பி விசும்பி அழுதான். அந்தக் கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழாதவள் நான் ஒருத்திதான். அவளை மன்னித்தார்கள். என்ன செய்தாள் என்று மன்னித்தார்கள்? நான் செய்ததை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதற்குக் கிடைக்கிற கண்ணீரையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவளுக்காகப் பரிதாபப்பட்டுத்தான் இப்போது உண்மையைச் சொல்கிறேன் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். ஒருவர் செய்த வேலை அவர் பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹால்டோர் அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அவன் சாவான் என்று தெரிந்தே, பெரிய ஷட்டரைத் திறந்தேன். இது போதும் என்று நினைக்கிறேன். தோர்டிஸிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொல்லாதீர்கள், மெதுவாகச் சொன்னால் அழுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

ஒன்றே ஒன்று பதிவாக வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் சுரங்கச் சோதனைக்காகத் தண்ணீரை இறக்கியபோது ஊர்க்காரர்கள் படுகைக்கு வந்து தேடித் தேடிப் பார்த்தார்கள். கல்லுக்கடியில் ஒரு குஞ்சுகூடச் சிக்கியிருக்கவில்லை. காப்பாற்ற ஒன்றுமே இல்லாமல் திரும்பிப் போனார்கள். ஹால்டோர் மேலிருந்து பார்த்துக்கொள்கிறான் என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அசட்டுத்தனம். அதற்குக் காரணம் நான். இந்த வருஷம் தண்ணீரை இருட்டிய பிறகு இறக்கினேன். இத்தனை வருஷ அனுபவத்தில் நானாகக் கண்டுபிடித்த முறை அது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.